நாற்பது ஏக்கருக்கு ஒரு வீடு

ஏப்ரல் 14

தம்பி ஓரினுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. காலையில் நீ டிராக்டரிலிருந்து இறங்கியதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாய். மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறாய்.

அந்த ஜன்னலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் வேலி அவ்வளவு நீளம் கிடக்க, என் ஜன்னலுக்கு நேர் எதிரேதான் வேட் ப்ரன்ட்டியின் பலகையை நட வேண்டுமா? ‘உங்கள் நிலம், உங்கள் உரிமை’ என்று சிவப்பு எழுத்து. நான் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்த மனிதர் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறார். நிலச் சட்டங்களை முடிவு செய்கிற கவுன்டி கமிஷனர் பதவிக்கு அவரை எதிர்த்துத் தேர்தலில் நிற்பது உன் கூடப்பிறந்தவள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஈஸ்டர் விருந்தில் நீ பாதியில் எழுந்து போய்விட்டதால் நான் சொல்ல வந்ததை முடிக்கவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பள்ளத்தாக்கில் நாற்பது ஏக்கருக்கு ஒரு வீடு. அதற்குக் குறைவாக வயலைத் துண்டு போடக்கூடாது. ஹாகன் குடும்பத்தின் பண்ணை என்ன ஆயிற்று என்று பார்த்தாய் அல்லவா? ப்ரன்ட்டி வாங்கி, பிளாட் போட்டு விற்றார். மாட்டுத் தீவனத்துக்குக் குதிரைமசால் விளைந்த மண்ணில் இன்று கார் ஷெட்டும் ஊஞ்சலும் நிற்கின்றன. இந்த டோரன் கவுன்டியில் முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். எந்தத் திருப்பத்தில் எந்த வயல் காணாமல் போனது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

வாய்க்கால் தூர் வாரும் நாளில் ஒவ்வொரு வருஷமும் நான் தலைமடையிலிருந்து வருவேன், நீ கடைமடையிலிருந்து வருவாய், நடுவில் சந்தித்துக் காபி குடிப்போம். இந்த வருஷம் நான் நடுவுக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை. உன் பங்கைச் சுத்தமாக வாரிவிட்டுப் போயிருந்தாய், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் காபியை நான் தனியாகக் குடித்தேன்.

ஆர்டிஸ்

---

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

தபால்காரி லூயெல்லா உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, “ரோட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கத்துக்கு ஸ்டாம்பு ஒட்டுற ஒரே குடும்பம் நீங்கதான்” என்றாள். சிரித்துவேறு வைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போனில் பேசினால் கத்துவேன். அதனால் நானும் எழுதுகிறேன்.

பலகை என் வேலியில் இருக்கிறது. என் வேலியில் எதை நடுவது என்பதற்கும் கமிஷனரிடம் அனுமதி வாங்க வேண்டுமா? நீ ஜெயித்த பிறகு கேட்கிறேன்.

நீ உன் பேச்சை முடிக்கவில்லை என்கிறாய். நான் என் பேச்சை ஆரம்பிக்கவே இல்லை. என் பெண் பிரிட்டா ஊருக்குத் திரும்பி வர நினைக்கிறாள். பில்லிங்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி வேலை அவளுக்கு அலுத்துவிட்டது. இங்கே நம் ஊர் கிளினிக்கில் நர்ஸ் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். பண்ணையையும் பார்த்துக்கொள்வேன் என்று அவளே சொன்னாள், நான் கேட்கவில்லை. ஆனால் என்னோடு ஒரே கூரையின் கீழ் இருக்க மாட்டாளாம். அவள் அம்மா இருந்தவரை சரி, இப்போது என் வாயைச் சகிக்க ஆள் இல்லை என்கிறாள். நியாயம்தான். தனியாக ஒரு வீடு வேண்டும்.

எனக்கு இருப்பது எழுபது ஏக்கர். உன் கணக்குப்படி ஒரு வீடு. அது ஏற்கெனவே இருக்கிறது, அதில் நான் இருக்கிறேன். பிரிட்டா எங்கே இருப்பாள்? கூடாரம் போட்டா?

என் முழங்கால் இன்னும் ஓரிரு வருஷம் தாங்கும். அவள் வராவிட்டால் நான் விற்றுத்தான் ஆக வேண்டும். வாங்குகிறேன் என்று சொல்லியிருப்பவர் ப்ரன்ட்டி. இதைத்தான் ஈஸ்டர் அன்று சொல்ல வந்தேன். நீ அதற்குள் ஹாகன் பண்ணையைப் பற்றி ஆரம்பித்துவிட்டாய்.

ஓரின்

---

மே 6

ஓரினுக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாரமாகத் திண்டாடுகிறேன். பிரிட்டா வருகிறாள் என்ற வரியைப் படித்ததும் ஓடிவந்து உன் கதவைத் தட்ட வேண்டும் போல இருந்தது. அடுத்த வரியைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

நேரடியாகச் சொல்கிறேன். எனக்கு வழி தெரியவில்லை. ‘நாற்பது ஏக்கருக்கு ஒரு வீடு, என் தம்பி மகளுக்கு மட்டும் விலக்கு’ என்று நான் சொன்னால் மறுநாள் இந்தக் கவுன்டியில் நாய்கூட என்னை மதிக்காது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிரிட்டா இருப்பாள். எல்லாருக்கும் விட்டுக்கொடுத்தால் ஹாகன் பண்ணை கதைதான்.

அதற்காக நீ ப்ரன்ட்டியிடம் விற்பாய் என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என்னை மிரட்டத்தான் அப்படி எழுதினாயா? மிரட்டல் என்றால் பலித்துவிட்டது. தூக்கம் போயிற்று.

பிரிட்டாவிடம் அத்தை கேட்டதாகச் சொல். அவளுக்கும் என் மேல் கோபமா என்று மட்டும் எழுது.

ஆர்டிஸ்

---

மே 29

அக்கா,

கோபம் இருந்தால் அவளே சொல்வாள், அவள் உன் மாதிரி. இப்போது வேறு விஷயம்.

வாய்க்காலில் தண்ணீர் திறந்து ஐந்து நாள் ஆகிறது. என் மடைக்கு ஒரு சொட்டு வரவில்லை. குதிரைமசால் வாடி நிற்கிறது. முதல் அறுப்பே போய்விடும் போல இருக்கிறது. வாய்க்காலோடு மேலே நடந்து பார்த்தேன். ஹாகன் பண்ணையில், இல்லை, ஹாகன் பண்ணையாக இருந்த இடத்தில், வாய்க்காலே இல்லை. நாம் தூர் வாரிவிட்டுப் போன பிறகு மண்ணைக் கொட்டி மூடி, மேலே புல் பதித்து, ஒரு வெள்ளை பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.

அது யார் வீடு தெரியுமா? லாங்டன். சியாட்டிலிலிருந்து வந்தவர். உன் தேர்தல் கமிட்டிப் பொருளாளர். வாசலில் உன் பலகை நிற்கிறது, ‘பள்ளத்தாக்கைக் காப்போம்’ என்று.

நான் கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் நாளைக்குப் பத்திரிகையில் வந்திருக்கும். உன் ஆளை நீயே பார்த்துக்கொள்.

ஓரின்

---

ஜூன் 1

ஓரினுக்கு,

தண்ணீர் வந்துவிட்டதா? நேற்று மாலை உன் மடையில் சத்தம் கேட்டதாக லூயெல்லா சொன்னாள். ஆனாலும் நீ எழுதினால்தான் நம்புவேன்.

நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் சிரி. மண்வெட்டியோடு லாங்டன் வீட்டு வாசலில் போய் நின்றேன். மனிதர் முழங்கால் வரை நனைந்து, கையில் வாளியோடு வந்தார்.

“ஆர்டிஸ், நல்ல நேரத்துல வந்தீங்க. நிலவறை பூரா தண்ணி. குழாயெல்லாம் பாத்துட்டேன், எங்கேர்ந்து வருதுன்னே தெரியல” என்றார்.

“அது என் தம்பியோட தண்ணி” என்றேன்.

“என்னது?”

“தோட்டத்துல ஒரு பள்ளத்தை மூடினீங்களே, அது வாய்க்கால். தண்ணிக்குப் போக இடமில்ல, உங்க வீட்டுக்குள்ள வந்துடுச்சு.”

“அது காஞ்சு கெடந்த பள்ளங்க! குளிர்காலம் பூரா ஒரு சொட்டுகூட இல்லியே!”

“குளிர்காலத்துல எந்த வாய்க்கால்ல தண்ணி ஓடும்?”

மனிதர் வாளியை வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வாய்க்காலில் தனக்கும் ஒரு பங்கு உண்டு, வருஷா வருஷம் தூர் வார வர வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. ப்ரன்ட்டி விற்கும்போது சொல்லவில்லை. நம்மில் யாரும் போய்ச் சொல்லவில்லை. உனக்கும் எனக்கும் அது பிறந்ததிலிருந்து தெரியும். அதனால் எல்லாருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டோம்.

இருட்டும் வரை தோண்டினோம். அவர் மனைவியும் வந்தார். வெள்ளை பெஞ்சு இப்போது வாய்க்காலின் அந்தக் கரையில் இருக்கிறது. லாங்டன் கை முழுக்கக் கொப்புளம். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வர வேண்டும் என்றார். கொஞ்ச நாள் போகட்டும், என் தம்பி இன்னும் சூடாக இருக்கிறான் என்று தடுத்துவைத்திருக்கிறேன்.

என் ஆளால் உன் பயிர் வாடியது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆர்டிஸ்

---

ஜூன் 25

அக்கா,

தண்ணீர் வந்தது. முதல் அறுப்பு பாதிதான் தேறியது. லாங்டன் நேற்று ஒரு கேக்கோடு வந்தார். சுமாரான கேக். தீவனக் கட்டு அடுக்க உதவட்டுமா என்று கேட்டு, ஒரு மணி நேரம் உண்மையிலேயே அடுக்கினார். அவரைத் திட்ட நான் தயாராக வைத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டது.

நேற்று முன்தினம் நடந்த வேட்பாளர் கூட்டத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் எழுந்து கேள்வி கேட்பேன் என்று நீ நினைக்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது. நானும் நினைக்கவில்லை. கூட்டத்தை நடத்தியவர் மைக்கை நீட்டி “உங்க பேரு?” என்று கேட்டதும் எனக்குப் பதற்றத்தில் “மேடையில உக்காந்திருக்காளே, அவளைக் கேளுங்க, எனக்கு ஷூ கட்டக் கத்துக்குடுத்தவ அவதான்” என்று வந்துவிட்டது. மண்டபமே சிரித்தது. அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

ஆனால் கேட்டேன். “எழுபது ஏக்கர் வெச்சிருக்கேன். பொண்ணு பண்ணைக்குத் திரும்பி வரேங்கிறா. உங்க திட்டத்துல அவ எங்க வீடு கட்டுவா?”

ப்ரன்ட்டி உடனே மைக்கைப் பிடித்து, “எங்க வேணும்னாலும் கட்டலாம், உங்க நிலம்!” என்றார். நல்ல கைதட்டல். நீ ஏதாவது சாமர்த்தியமாகச் சொல்லித் தப்பிப்பாய் என்று பார்த்தேன். சின்ன வயதிலிருந்து நான் பார்க்காததா?

“எனக்குத் தெரியல” என்றாய். “யோசிச்சுப் பாத்துட்டேன். இதுக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்ல.”

யாரும் கைதட்டவில்லை. என் பக்கத்தில் இருந்த கிழவர் மட்டும், “ஓட்டுக் கேக்க வந்துட்டு தெரியலேங்குதே இந்தம்மா” என்று முணுமுணுத்தார். எனக்கு உன் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. அது எனக்கே எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வாய்க்காலுக்கு மேலே என் நிலத்தோடு சேர்ந்த கல்மேட்டுக்கு வேலி சரிபார்க்கப் போகிறேன். பிரிட்டாவும் வந்திருப்பாள். அந்தப் பக்கமாக யாராவது நடந்து வந்தால் நான் தடுக்க மாட்டேன்.

ஓரின்

---

ஜூலை 20

அன்புள்ள ஓரினுக்கு,

கல்மேட்டிலிருந்து இறங்கியதிலிருந்து இதே வேலையாக இருக்கிறேன். திட்டக்குழுவில் இருப்பவர்களிடம் பேசினேன், சட்டம் தெரிந்த ஒருவரிடமும் கேட்டேன். கடைசியில் எழுதி முடித்துவிட்டேன். நாளைக்குப் பத்திரிகையில் வரும். அதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டும்.

அன்றைக்கு பிரிட்டா அந்தக் கல்லெல்லாம் கிடக்கும் இடத்தில் நின்று, “அத்தை, இந்த இடத்துல எப்பவாவது ஏதாவது வெளஞ்சிருக்கா?” என்று கேட்டாள். நீ, “பாம்பு வெளையும்” என்றாய். வாய்க்கால் தண்ணீர் மேலே ஏறாது, கலப்பை இறங்காது, மாடுகூட மேயாது. ஆனால் அங்கே நின்றால் உன் எழுபது ஏக்கரும் ஒரே துண்டாகக் கீழே தெரிகிறது. நான் ‘எத்தனை வீடு’ என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். ‘எங்கே வீடு’ என்று அவள்தான் கேட்க வைத்தாள்.

இப்போது நான் சொல்வது இதுதான். வயலில் நாற்பது ஏக்கருக்கு ஒரு வீடு என்பதில் மாற்றமில்லை. ஆனால் வாய்க்காலுக்கு மேலே, தண்ணீர் ஏறாத கல்மேட்டில், பண்ணைக் குடும்பங்கள் வீடு கட்டிக்கொள்ளலாம். அதற்கு அந்த நாற்பது ஏக்கர் கணக்கு கிடையாது. பதிலுக்குக் கீழே இருக்கும் வயலைத் துண்டு போட மாட்டோம் என்று எழுதித் தர வேண்டும். இது உனக்கு மட்டும் அல்ல, பள்ளத்தாக்கின் இரண்டு பக்கத்திலும் கல்மேடு இருக்கிற எல்லாருக்கும். கிணறு ஆழமாகப் போட வேண்டியிருக்கும், பாதை போட வேண்டும். சுலபம் என்று நான் சொல்லவில்லை.

உனக்குப் பிடிக்காத இடம் எது என்று எனக்குத் தெரியும். எழுதித் தருவது. உன் நிலத்தில் நீ என்ன செய்யக்கூடாது என்று கவுன்டி சொல்வது. அதை என்னால் மாற்ற முடியவில்லை, தம்பி. கோபித்துக்கொள், ஆனால் ஸ்டாம்பு ஒட்டிக் கோபித்துக்கொள்.

ஆர்டிஸ்

---

செப்டம்பர் 8

அக்கா,

கோபம் இருக்கிறது. நல்ல யோசனை என்பதால் அதிகமாக இருக்கிறது. எழுதித் தருவதைப் பற்றி இன்னும் ஜீரணமாகவில்லை.

அது கிடக்கட்டும். ஹாகன் பக்கம் போனேன். உன் பலகைகள் பாதிக்கு மேல் காணோம். லாங்டன் வாசலிலும் இல்லை. கேட்டேன். பாவம், நெளிந்தார். “ஆர்டிஸ் மேல மரியாதை இருக்குங்க. ஆனா எங்க பெரிய ஜன்னல்லேர்ந்து பாத்தா நேரா அந்த மேடுதான். அந்தக் காட்சிக்காகத்தானே இங்க வந்தோம், அது மேல வீடு வந்துட்டா?” என்றார். கமிட்டியிலிருந்து விலகிவிட்டாராமே, நீ சொல்லவே இல்லை. இவர்கள் இருக்கும் வீடே ஒரு வயலின் மேல் நிற்கிறது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. கட்டு அடுக்கின நன்றிக்காக விட்டுவிட்டேன்.

பண்ணைக்காரர்கள் உன் பக்கம் வருவார்கள் என்று நினைக்காதே. பாதிப் பேர் என்னைப் போலத்தான், ‘எழுதித் தருவது’ என்றதும் முகத்தைத் திருப்புகிறார்கள். நீ இரண்டு பக்கமும் இழக்கிறாய். அந்த மேட்டு விஷயத்தைத் தேர்தல் முடியும் வரை பேசாமல் இருந்தால் என்ன? ஜெயித்த பிறகு கொண்டுவரலாமே. பிரிட்டா காத்திருப்பாள்.

ஓரின்

---

அக்டோபர் 3

அன்புள்ள ஓரினுக்கு,

எதிர்க்கட்சிக்காரன் எனக்குத் தேர்தல் யோசனை சொல்கிற அளவுக்கு வந்துவிட்டோம், சந்தோஷம்.

ஆனால் முடியாது. மறைத்துவைத்து ஜெயித்து, பிறகு எடுத்து நீட்டினால், அந்தக் கமிஷனரை யார் நம்புவார்கள்? நானே நம்ப மாட்டேன். இப்போது சொல்லித் தோற்றால் தோற்கிறேன்.

பயமாகத்தான் இருக்கிறது, ஓரின். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? தோற்பதற்கு அல்ல. தோற்றுவிட்டால் ப்ரன்ட்டி சொல்கிறபடி யாரும் எதையும் பிளாட் போடலாம், நீயும் போடலாம். காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் உன் வயலில் அளவுக்கல் நட்டிருக்குமோ என்று கனவு வருகிறது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. உன் முழங்கால், உன் நிலம். எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆர்டிஸ்

---

நவம்பர் 13

அக்கா,

தேர்தல் முடிந்து ஒரு வாரம் ஆகிறது, ஒரு வார்த்தை எழுதவில்லையே என்று நினைத்திருப்பாய். ஒவ்வொரு நாளும் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்வது எனக்கு வராது. ‘கொஞ்ச ஓட்டுதானே’ என்று எழுதினேன், கிழித்துப் போட்டேன். கொஞ்ச ஓட்டில் தோற்பதுதான் அதிகம் வலிக்கும். நான் யாருக்குப் போட்டேன் என்று கேட்காதே, ரகசிய வாக்குரிமை இருக்கிற நாடு இது. லூயெல்லாவிடம் மட்டும் சொன்னேன், அவளிடமும் கேட்காதே.

முடிவு வந்த மறுநாளே ப்ரன்ட்டி வந்தார். வரைபடத்தோடு வந்தார். என் எழுபது ஏக்கரில் கோடு கோடாகப் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் கொடுத்திருந்தார். நல்ல காகிதம். “இனிமே உங்களை யாரும் எதுவும் கேக்க முடியாது, ஓரின்” என்றார். உண்மைதான். நானும் பிரிட்டாவும் அந்தக் காகிதத்தைச் சமையலறை மேஜையில் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பிரிட்டா எழுந்து போய்க் கொட்டகையில் டிராக்டருக்குக் குளிர்கால எண்ணெய் மாற்றினாள். நான் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள்.

நேற்றுக் கவுன்டி அலுவலகத்துக்குப் போனேன். கீழ்வயலை நானும் எனக்குப் பின்னால் வருகிறவர்களும் துண்டு போடக்கூடாது என்று ஒரு பத்திரம் எழுதச் சொன்னேன். பதிவு செய்கிற பெண் மூன்று தடவை படித்துப் பார்த்தாள்.

“இது உங்கக்கா சொன்னதாச்சே? அவங்கதான் தோத்துட்டாங்களே. இப்ப இதை யாரும் உங்ககிட்ட கேக்கலியே?”

“யாரும் கேக்கலேன்னுதான் எழுதறேன்” என்றேன்.

அப்படியான பத்திரத்துக்கு இன்னொரு ஆள் வேண்டுமாம். நாளைக்கு என் புத்தி மாறினாலோ, பிரிட்டாவின் புத்தி மாறினாலோ, போய்த் தடுத்து நிறுத்துகிற உரிமை யாராவது ஒருவருக்கு இருக்க வேண்டும். பக்கத்து நிலத்துக்காரராக இருந்தால் போதும் என்றாள். என் நிலத்தில் நான் என்ன செய்யக்கூடாது என்று சொல்ல ஒரு ஆள். இந்த வருஷம் முழுக்க எதை எதிர்த்துக் கத்தினேனோ அதே அதிகாரம். பேனாவை ஒரு தடவை மூடிவைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு உன் பெயரை எழுதினேன்.

அவள் சிரித்துவிட்டாள். “தோத்த வேட்பாளருக்கு அதிகாரம் குடுத்து நான் பாத்ததில்ல.”

“கவுன்டி குடுக்கலேன்னா என்ன? என் எழுபது ஏக்கருக்கு அவதான் கமிஷனர்” என்றேன்.

கல்மேட்டில் பனியில் மண் உறைவதற்குள் பிரிட்டா வீட்டுக்கு முளைக்குச்சி அடித்துவிடலாம் என்று இருக்கிறோம். பத்திரத்தில் உன் கையெழுத்து இல்லாமல் செல்லாது. திங்கட்கிழமை காலையில் வண்டியோடு உன் வாசலுக்கு வருகிறேன், தயாராக இரு.

ஓரின்